வாசகர் கேள்வி – பதில்: பதின்ம வயதினருக்காக நாவல் எழுதப் போகிறீர்களா?

சென்ற இதழில் இளையோர் நாவல் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் வட்சப் செய்திகளும் இந்தமுறை பக்கத்தை முழுதாகவே பிடித்துக்கொண்டன, மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். எழுதியவர்களில் நிறையப் பேர் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள் என்பதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக் கடைக்குள் போனால் கடந்தகால வினாத்தாள் தொகுப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த வயதுக்கு எழுத ஆட்கள் வேண்டும்.

நான் உயர்தரம் படிக்கிறேன் அக்கா. ஒரு நாவல் பாதி எழுதி வைத்திருக்கிறேன். கதாநாயகிக்கு 16 வயது. இது சிறுவர் இலக்கியமா, பெரியவர்களுக்கான நாவலா என்று ரீச்சர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. நாவல் எழுத இந்த வயது காணாதோ என்றும் யோசிக்கிறேன்.
– வாசகி, கொக்குவில்

தங்கச்சி, 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்டவர்களை மனதில் வைத்து எழுதுவதைத்தான் இளையோர் இலக்கியம் என்கிறார்கள். அமெரிக்க நூலகர்கள்தான் இந்த வயதுக்காரருக்கென்று தனி அலுமாரி வைக்கத் தொடங்கினார்கள், பதிப்பாளர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். ஆனால் கதாநாயகிக்கு 16 வயது என்பதால் மட்டும் அது இளையோர் நாவல் ஆகிவிடாது. கதை எங்கே நின்று சொல்லப்படுகிறது என்று பாருங்கள். “அந்த நாளில் எனக்கு உலகம் தெரிந்திருக்கவில்லை” என்று ஒரு வரி வந்துவிட்டதென்றால், சொல்லுகிறவருக்கு நாற்பது வயது, அவர் தன் இளமையைத் திரும்பிப் பார்க்கிறார், அது பெரியவர்களுக்கான நாவல். நல்ல நாவலாக இருக்கலாம், ஆனால் வேறு வகை. இளையோர் நாவலில் சொல்லுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அவருக்கு இன்றைக்கு நடந்தது மட்டும்தான் தெரியும், அதுவும் அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கும்.

வயது காணுமா என்றால், தாராளமாகக் காணும். எஸ். ஈ. ஹின்டன் என்ற அமெரிக்கப் பெண் தன் முதல் நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது, 1967இல் அது அச்சில் வந்தபோது 18. தன் ஊர்ப் பெடியன்கள் வசதியானவர், வசதியில்லாதவர் என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்து அடிபட்டுக்கொண்டிருந்ததைத்தான் எழுதினார். தனக்குத் தெரிந்த வாழ்க்கையைச் சொல்லுகிற புத்தகம் ஒன்றும் தன் வயதுக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய கோபம். உங்களுக்கும் அந்தக் கோபம் இருந்தால் நல்லது.

படிப்பை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்ல மாட்டேன். பரீட்சை முடியும் வரைக்கும் கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் குறிப்பெடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம். பெறுபேறு வருகிற இரவில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னுக்கு அப்பா ஒன்றும் கேட்காமல் நிற்பார், அதேநேரம் சிநேகிதி ஒருத்தி “பார்த்திட்டியா?” என்று செய்தி அனுப்புவாள். அந்த நேரம் கை எப்படி இருந்தது என்பதை இருபத்தைந்து வயதில் யோசித்து எழுத முடியாது. இப்போதே எழுதி வையுங்கள்.

பல வருடங்களாக ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்கள் போனுக்கு அடிமையாகிக் கெட்டுப்போவதைப் பார்த்து மனம் நொந்து, அவர்களைத் திருத்தும் நோக்கில் ஒரு நாவல் எழுதினேன். முடிவில் மாணவன் தன் பிழையை உணர்ந்து திருந்துகிறான். என் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், ஓரிருவரைத் தவிர ஒருவரும் முடிக்கவில்லை. எங்கே பிழை?
– ஆசிரியர், பருத்தித்துறை

சேர், உங்கள் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் கொடுத்துப் பார்த்தீர்களே, பெரும்பாலான எழுத்தாளர்கள் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் “திருத்தும் நோக்கில்” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பிள்ளைக்கு அது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். காலையில் அம்மா திருத்துகிறார், பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன் சேர், கோயிலுக்குப் போனால் அங்கே ஒரு மாமி “இன்னும் கொஞ்சம் படிக்கலாமே” என்கிறார். இவ்வளவும் முடிந்து இரவு ஒரு கதைப்புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு அதற்குள்ளும் ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நின்றால் புத்தகத்தை மூடத்தானே செய்வார்?

போனுக்குள் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று உங்கள் நாவல் ஒரு இடத்திலாவது கேட்கிறதா? வகுப்பில் முப்பத்தெட்டாம் பிள்ளையாக வருகிற பெடியன் இரவு பதினொரு மணிக்கு பிரீஃபயர் என்ற போன் விளையாட்டில் நாலு பேருக்குத் தலைவன். அவர் “இப்ப வா” என்றால்தான் மற்ற மூன்று பேரும் அசைவார்கள், அதில் ஒருவர் மட்டக்களப்பில் இருக்கிறார், முகமே தெரியாது, ஆனால் இவரை “கப்டன்” என்று கூப்பிடுகிறார். பகல் முழுக்க ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை. இதை மரியாதையோடு எழுதுங்கள். அந்த ஆசையைப் பிழை என்று சொல்லாமல், அதன் இனிப்பு வாசிக்கிறவருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். பிறகு அதே இரவில், கடைசிச் சுற்றில், பக்கத்து அறையில் தங்கச்சிக்கு இழுப்பு வந்து மூச்சு எடுக்கிற சத்தம் கேட்கட்டும். அவருக்குக் கேட்கிறது. போனை வைத்துவிட்டு எழும்புகிறாரா, இன்னும் இரண்டு நிமிடம்தானே என்று இருந்துவிடுகிறாரா? எதைச் செய்தாலும் ஒன்றை இழப்பார். இந்த இடத்தில் உங்கள் வகுப்பில் ஒருவரும் புத்தகத்தை மூட மாட்டார்கள் என்று நான் உறுதியாகச் சொல்லுவேன்.

நான் எல்லாருக்கும் சொல்லுகிற ஒரேயொரு விதி இதுதான்: இளையோர் நாவலில் முக்கியமான முடிவை இளையவர்தான் எடுக்க வேண்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதியை ஒருக்கால் வாசியுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதை திரும்புகிற இடத்தில், யார் திருப்பினார் என்று ஓரத்தில் எழுதுங்கள். அதிபர், மாமா, சாமியார், தற்செயலாக வந்த விபத்து என்று வரிசையாக வந்தால் அந்த அத்தியாயங்களைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பெரியவர்களை முட்டாள்களாகக் காட்டச் சொல்லவில்லை. அதுவும் பொய்தான். பெரியவருக்கும் பயம் இருக்கும், கடன் இருக்கும், சொல்லாத விஷயம் இருக்கும், அதையெல்லாம் பிள்ளை ஒளிந்திருந்து பார்க்கட்டும். ஆனால் கதையின் சாவி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

என் நாவலின் முதல் அத்தியாயத்தை இணைத்துள்ளேன். அண்ணனை வெளிநாடு அனுப்ப அம்மா தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பத்தின் கதை. 15 வயதுத் தம்பிதான் கதாநாயகன். கடைசியில் கனடா மாமா காசு அனுப்பி நகையை மீட்டுக் கொடுக்கிறார். தொடக்கம் எப்படி?
– வாசகர், சாவகச்சேரி

தம்பி, முதல் ஆறு பக்கமும் கீழ்வானம் சிவக்கிறது, சேவல் கூவுகிறது, பனங்கூடலுக்குள்ளால் காற்று வருகிறது, அப்புறம் அப்பா இறந்த கதை, அண்ணன் படித்த கதை. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பிள்ளையார் படத்தைத் துடைக்க எடுத்தபோது பின்னுக்கிருந்து அடகுச் சீட்டு விழுகிறது, அதில் மீட்கும் திகதி தாண்டி மூன்று கிழமை. நாவல் அங்கேதான் தொடங்குகிறது! முதல் ஆறு பக்கத்தையும் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். எறிய வேண்டாம், அதில் உள்ள சில விஷயங்கள் பிறகு துண்டுதுண்டாகத் தேவைப்படும். பெடியன் அந்தச் சீட்டைப் படத்துக்குப் பின்னால் திரும்பச் செருகிவிட்டுச் சாப்பிட வருகிறான், அம்மாவின் கழுத்தைப் பார்க்கிறான், அங்கே ஒரு மஞ்சள் கயிறு. முந்தியும் அது கிடந்ததுதான், இன்றைக்குத்தான் காண்கிறான். இதை அப்படியே வைத்தால் வாசிக்கிறவர் அடுத்த அத்தியாயத்துக்குத் தானாகவே வந்துவிடுவார்.

முடிவுக்கு வருகிறேன். பருத்தித்துறை ஆசிரியருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். கனடா மாமா காசு அனுப்பட்டும், எங்கள் ஊரில் நடக்கிற காரியம்தான். ஆனால் அந்தக் காசு வருவதற்கு முதல் உங்கள் கதாநாயகன் திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்திருக்க வேண்டும். அண்ணனுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் நாவலின் நடுமுள்ளு. சொல்லிவிடுகிறானா? சொன்னால் அங்கே பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிற அண்ணன் என்ன ஆவார்? அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பான்? இவ்வளவு நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் காசில் கதையை முடிப்பது வீண்.

உரையாடலை எங்கள் பேச்சில் எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்காது என்று ஒரு பதிப்பகத்தார் சொன்னார். எழுத்துத் தமிழில் எழுதினால் பாத்திரங்கள் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகி, மானிப்பாய்

எங்கள் பேச்சிலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டின் எந்த மூலைப் பேச்சையும் நாங்கள் அகராதி இல்லாமல் வாசித்துப் பழகியிருக்கிறோம், அவர்களுக்கும் அது முடியும். ஆனால் பேச்சு வழக்கைப் போட்டுவிட்டால் மட்டும் உரையாடல் உயிர்பெற்று விடாது. ஆட்கள் நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுவதுதான் பெரிய நோய். “நீ கிளாஸுக்குப் போகாமல் பொய் சொன்னதை நினைக்க எனக்கு எவ்வளவு வேதனையாக இருக்கிறது தெரியுமா மகனே” என்று எந்தத் தாயும் கதைப்பதில்லை. இப்படித்தான் கதைப்பார்:

“எங்கை போட்டு வாறாய்?”

“கிளாஸுக்கு.”

“இண்டைக்குக் கிளாஸ் இல்லையெண்டு சேர் போன் எடுத்தவர்.”

பதில் இல்லை.

“சாப்பாடு மூடி வச்சிருக்கு.”

அவ்வளவுதான். பிடிபட்டதும் தெரிகிறது, அம்மாவின் கோபமும் தெரிகிறது, அந்தக் கோபத்துக்குக் கீழே இருப்பதும் தெரிகிறது. இதற்குக் கீழே “அவன் குற்ற உணர்வில் துடித்தான்” என்று ஒரு வரி சேர்த்தீர்கள் என்றால் எல்லாம் கெட்டுப்போகும்.

பதின்ம வயதினரின் புதுச் சொற்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் பெடியள் சொல்லுகிற பகிடிச் சொல் அடுத்த வருடம் பழசாகிவிடும், புத்தகம் அச்சாகி வரவே அதைவிடக் காலம் எடுக்கும். அதனால் அப்படிச் சொற்களை அள்ளிக் கொட்டாமல், அவர்கள் கதைக்கிற விதத்தைப் பிடியுங்கள்: பாதியில் விடுவது, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லுவது, பெரிய விஷயத்தைப் பகிடியாகச் சொல்லிவிட்டு ஓடுவது. பின்னேரம் ரியூசன் விடுகிற நேரம் வாசலில் பிளேன்ரீ குடிக்கிற சாட்டில் நின்றால் காது நிறையக் கிடைக்கும்.

யுத்தத்தைப் பற்றி எழுதாவிட்டால் ஈழத்து இலக்கியம் இல்லை என்கிறார்கள் சிலர். பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்கிறார்கள் வேறு சிலர். நான் 2010இல் பிறந்தவன். எனக்கு அதை எழுத உரிமை இருக்கிறதா?
– வாசகர், கிளிநொச்சி

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி தம்பி. உரிமை இருக்கிறது. ஆனால் நீங்கள் காணாத யுத்தத்தை நீங்கள் கண்ட மாதிரி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, அதற்குக் கண்டவர்கள் இருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை கண்ட யுத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதை உங்கள் தலைமுறையைத் தவிர வேறு ஒருவராலும் எழுத முடியாது. வீட்டில் சாமி அறையில் பெயர் சொல்லப்படாத ஒரு படம் இருக்கும். அப்பாவின் காலுக்குள் இருக்கிற செல் துண்டு மழைக்காலத்தில் நோகும், அவர் வாதம் என்பார். அம்மா ஒரு குறிப்பிட்ட றோட்டால் மட்டும் வர மாட்டார், சுற்றிப் போவார், காரணம் கேட்டால் “அது கிடங்கு றோட்டு” என்பார், அந்த றோட்டுக்குக் காப்பற் போட்டு வருடங்கள் ஆகியிருக்கும். இதையெல்லாம் தொட்டும் தொடாமலும் வளருகிற பிள்ளை என்ன விளங்கிக்கொள்கிறார், எதைக் கேட்கத் துணிகிறார், கேட்ட பிறகு என்ன செய்கிறார்? இது முழுக்க முழுக்க இளையோர் நாவலுக்கு உரிய கதை. முடிவெடுப்பவரும் பிள்ளைதான்: கேட்பதா, கேட்காமல் விடுவதா என்பது.

பழைய காலத்துக்கே போய் எழுத விரும்பினால் வீட்டிலிருந்து தொடங்குங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, அப்போது 15 வயதாக இருந்தவர்கள் இன்றைக்கு உங்கள் தாய் தகப்பனோ மாமா மாமியோதான். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “அதையேன் கேட்கிறாய்” என்பார்கள். சின்னதாகக் கேளுங்கள். என்ன செருப்புப் போட்டிருந்தீர்கள்? சைக்கிளில் எதைக் கட்டினீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள்? நாயை என்ன செய்தீர்கள்? அப்போது வாய் திறப்பார்கள். மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும் அவர்கள் சொல்லச் சொல்லக் கதைக்கு எலும்பு கிடைக்கும். சொன்ன திகதிகளை ஒருமுறை சரிபார்க்க நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, 2005இலிருந்து தொண்டர்கள் எண்ணிமமாக்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும், கேட்ட கதையை அவரவர் பெயரோடும் அடையாளத்தோடும் போட வேண்டாம், எழுதுவதற்கு முதல் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

காதல், தற்கொலை எண்ணம், வீட்டில் அடி, துன்புறுத்தல் – இதெல்லாம் எழுதினால் பள்ளிக்கூட நூலகத்தில் வைக்க மாட்டார்கள் என்று பயம்.
– வாசகி, நல்லூர்

சிலர் வைக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனாலும் எழுத வேண்டும் என்றுதான் சொல்லுவேன், பிள்ளைகளுக்கு நடக்கிற விஷயம் பிள்ளைகளின் புத்தகத்தில் இல்லை என்றால் அது தனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். காதலைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், 16 வயதுக் காதல் பெரும்பாலும் பார்வையும் பதற்றமும் கடைசியில் ஒரு வட்சப் செய்தியும்தான், அதை உண்மையாக எழுதினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தற்கொலை எண்ணத்தை எழுதும்போது மட்டும் கடும் கவனம் வேண்டும். எப்படி என்ற விபரத்தை ஒருபோதும் எழுத வேண்டாம். இறந்த பிறகுதான் எல்லாரும் அவர் அருமையை உணர்ந்தார்கள் என்று முடிக்கவும் வேண்டாம், நொந்துபோயிருக்கிற பிள்ளைக்கு அது ஒரு பரிசு மாதிரித் தெரிந்துவிடும். உதவி கேட்கிற காட்சியை எழுதுங்கள், முதலில் கேட்ட ஆள் சரியாகக் காது கொடுக்காமல் போய், இரண்டாவது ஆளிடம் திரும்பக் கேட்கிற காட்சியாக இருந்தால் இன்னும் உண்மையாக இருக்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும், சிறுவர் உதவி இலக்கமான 1929ஐயும் அச்சிடுங்கள். ஒரு வரிதான், ஆனால் யாரோ ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்க்கும்.

பேய்க்கதை, மாயக்கதை எழுதினால் தரம் குறைவா?
– வாசகர், புங்குடுதீவு

யார் சொன்னது? தீவுப் பகுதியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! குறிகட்டுவானில் படகு ஏறினால் நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன, பெருக்கு மரம் நிற்கிறது. இந்தப் பக்கம் புத்தூரில் நிலாவரைக் கிணறு, மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு, அடியே இல்லை என்று சனம் கதை சொல்லும். முனி, கொத்தி என்று அம்மம்மா சொன்ன பேய்கள் வேறு. வெளிநாட்டு மந்திரவாதிகளைக் கொண்டுவரத் தேவையே இல்லை. மாயத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: எதைச் செய்யும், எதைச் செய்யாது, செய்தால் யாருக்கு என்ன செலவு. கடைசியில் மாயம் வந்து பிரச்சினையைத் தீர்த்தால் அது கனடா மாமாவின் காசு மாதிரித்தான்.

என் எழுத்தை யாரிடம் காட்டுவது? வீட்டில் காட்டினால் “நல்லா இருக்கு” என்கிறார்கள், காட்டிய ஒருவர் களவெடுத்துவிட்டால் என்ற பயமும் இருக்கிறது.
– வாசகி, சுன்னாகம்

களவுப் பயத்தை முதலில் விடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, எங்கேயும் பதியத் தேவையில்லை, உங்கள் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் இருக்கும். திகதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் ஆதாரமும் ஆயிற்று.

காட்ட வேண்டியது 14, 15 வயதுக்காரரிடம், அதுவும் உங்கள் சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் நல்லது. “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்லுவார்கள், எங்கள் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். எந்தப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய், எந்த இடத்தில் இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று எரிச்சல் வந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தாய் என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பக்கத்துக்கு வைத்தியம் தேவை. அவர்கள் சொல்லுகிற தீர்வை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, நோகிற இடத்தை மட்டும் காட்டினால் போதும்.

எவ்வளவு நீளம் எழுத வேண்டும், எப்படி வெளியிடுவது, செலவு யார் தருவார்?
– பலர்

ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் பொதுவாக 50,000 முதல் 80,000 சொற்கள் வரை போகும். தமிழில் சில வேளை ஒரு சொல்லுக்குள் இரண்டு, மூன்று ஆங்கிலச் சொல் அடங்கிவிடும், அதனால் 30,000, 40,000 சொற்கள் தாராளம். முதல் நாவல் 160 பக்கத்துக்குள் நின்றால் வாசிக்கிற பிள்ளைக்கும் பயமில்லை, அச்சுச் செலவும் கட்டுப்படும். பக்கங்கள் 16, 16 ஆகத்தான் அச்சாகின்றன, ஆகவே 163 பக்கம் எழுதிவிட்டு வெற்றுத் தாளுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். பல அச்சகங்கள் இப்போதும் பாமினி எழுத்துருவில்தான் கேட்கும், மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் மாற்றிய பிறகு கட்டாயம் முழுதாக ஒருமுறை வாசியுங்கள், கொம்பும் அரவும் இடம் மாறி நிற்கும். புத்தகத்தை அடையாளம் காட்டுகிற ஐ.எஸ்.பி.என். இலக்கம் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்க வேண்டும், அட்டை அச்சாவதற்கு முதலே விண்ணப்பியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்லுகிறேன், எங்கள் ஊரில் பெரும்பாலும் எழுதியவர்தான் போடுகிறார், 300 அல்லது 500 பிரதி அடித்து, ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று உறவினரும் வர்த்தகரும் உறையில் வைத்துத் தருகிற காசில் அச்சகக் கணக்கை முடிக்கிறார். இது பிழை என்று நான் சொல்ல மாட்டேன், பல நல்ல புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் அந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் பதினாறு வயதுக்காரர் எத்தனை பேர்? அதனால் அதற்கு முதல் ஒரு அத்தியாயத்தை இலக்கியச் சஞ்சிகைக்கோ வாரப் பத்திரிகைக்கோ அனுப்புங்கள். 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை எத்தனையோ பேரை முதல் கதையோடு அச்சில் ஏற்றியது, அந்த வேலையை இன்றைக்கும் செய்கிற சஞ்சிகைகள் வடக்கில் இருக்கின்றன, ஆசிரியர்கள் இளையவர்களின் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்புவதென்றால் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள், உங்களுக்கு எத்தனை பிரதி, இலங்கையில் விற்கிற உரிமை யாருக்கு என்று அதில் இருக்க வேண்டும்.

விழா வைப்பதென்றால் நயவுரைக்கு ஒரு பேராசிரியரோடு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் கூப்பிடுங்கள், புத்தகத்தை ஒரு மாதம் முதலே கையில் கொடுத்து, அவருக்குப் பிடிக்காததையும் சொல்லலாம் என்று சொல்லி வையுங்கள். அச்சடித்த 300இல் ஒரு ஐம்பதைப் பள்ளிக்கூட நூலகங்களுக்கென்று விழாவுக்கு முன்பே தனியாகக் கட்டி எடுத்து வைத்துவிடுங்கள், விழா முடிந்த பிறகு மிச்சத்தைக் கொடுப்போம் என்றால் மிச்சம் இருக்காது.

அடுத்த இதழில் சிறுகதைக் கேள்விகள். கடிதம் அனுப்புகிறவர்கள் முழு நாவலையும் அனுப்ப வேண்டாம், முதல் ஐந்து பக்கம் போதும், வயதை மறக்காமல் எழுதுங்கள்.